கல்லும் கணக்கும்: தோலில் தூங்கிய கோபுரங்கள்

போன இதழில் ஜெர்மனியின் கொலோன் நகரப் பேராலயத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். "1248-ல் தொடங்கி 1880-ல் முடித்தார்கள், 632 வருடம் கட்டிய கட்டடம்" என்று அதில் ஒரு வரி. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. பாராட்டு கொஞ்சம், குட்டு நிறைய. இந்த இதழ் முழுக்க கொலோனுக்கே என்று முடிவு செய்துவிட்டேன். புதிய வாசகர்களுக்கு ஒரு தகவல்: நான் பேராசிரியன் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் கட்டட வரைபடம் போட்டுச் சம்பாதித்தவன். எதையும் வரைபடத்தின் வழியாகத்தான் பார்ப்பேன், அது என் குறை.

கே: 632 வருடமும் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததா? கதை விடுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். 1560-ல் பேராலய நிர்வாகம் இனிக் காசில்லை என்று கையை விரித்தது. மறுபடி அடிக்கல் நாட்டியது 1842-ல். நடுவில் 282 வருடம் ஒரு கல்கூட ஏறவில்லை. மிச்சம் 350. அதிலும் கடைசி 38 வருடத்தில்தான் கட்டடத்தின் பெரும்பகுதி எழுந்தது. "632 வருடம் கட்டினார்கள்" என்பதைவிட "632 வருடம் முடிக்காமல் வைத்திருந்தார்கள்" என்பதே சரி.

ஆரம்பமே கோளாறுதான். அங்கே ஏற்கெனவே ஒரு பழைய பேராலயம் இருந்தது. 1164-ல் பேராயர் ரைனால்ட் மிலான் நகரத்திலிருந்து குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ஞானிகளுடையவை என்று நம்பிய எலும்புகளைக் கொண்டுவந்த பிறகு யாத்திரிகர் கூட்டம் தாங்கவில்லை. கிழக்குப் பகுதியை மட்டும் இடித்துப் பெரிதாக்கலாம் என்று திட்டம். அந்தக் காலத்தில் இடிப்பதற்கு ஒரு வழி உண்டு: சுவரடியைக் குடைந்து, மரத்தால் முட்டுக் கொடுத்து, அந்த மரத்துக்குத் தீ வைப்பார்கள். மரம் எரிந்ததும் சுவர் தானாக உட்காரும். 1248 ஏப்ரல் 30 அன்று வைத்த தீ சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இருக்கட்டும் என்று நினைத்த பகுதியையும் சேர்த்துத் தின்றுவிட்டது. ஆகஸ்ட் 15-ல் பேராயர் கொன்ராட் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் வைத்தார். பொறுப்பு ஏற்றவர் கெர்ஹார்ட் என்ற கல்தச்சர்.

1322-ல் பீடம் இருக்கும் கிழக்குப் பகுதி முடிந்து அபிஷேகமும் ஆயிற்று. அதன் மேற்கு வாயை ஒரு தற்காலிகச் சுவரால் அடைத்து, உள்ளே வழிபாட்டை நடத்த ஆரம்பித்தார்கள். அந்தத் "தற்காலிக"ச் சுவரை எடுத்தது 1863-ல். கட்டட வேலையில் தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

கே: ஏன் நிறுத்தினார்கள்? போர் வந்ததா, கொள்ளைநோய் வந்ததா?

அப்படி நாடகத்தனமான காரணம் எதுவும் இல்லை. பணம் வற்றியது. மதச் சீர்திருத்தம் வந்து யாத்திரிகர் காணிக்கையும் குறைந்தது. அதோடு ரசனையும் மாறிவிட்டது. கூர்முனை வளைவெல்லாம் பழைய பாணி, இத்தாலிக்காரர்களின் வட்ட வளைவுதான் நாகரிகம் என்று ஆன பிறகு, பாட்டனார் காலத்து வடிவத்துக்கு யார் மடியை அவிழ்ப்பார்கள்?

நின்றபோது இருந்த நிலையைக் கண்ணுக்கு முன் கொண்டுவந்து பாருங்கள். கிழக்கே 43 மீட்டர் உயர விதானத்தோடு முழுதாக முடிந்த ஒரு பகுதி. மேற்கே ஏறத்தாழ 56 மீட்டரில் மொட்டையாக நின்ற தெற்குக் கோபுரம். அதற்குள் 1448, 1449-ல் வார்த்த இரண்டு பெரிய மணிகள். கிழக்குப் பகுதிக்கும் கோபுரத்துக்கும் நடுவில் பாதி உயரத் தூண்களும் தற்காலிகக் கூரையும். கோபுரத்தின் மொட்டைத் தலையில் ஒரு மரப் பாரந்தூக்கி. உள்ளே ஆள் நின்று மிதிக்கும் பெரிய சக்கரம், வெளியே நீட்டிய கை. வேலை நின்ற பிறகும் அதை யாரும் இறக்கவில்லை. பழைய நகரச் சித்திரங்கள் எதைப் பார்த்தாலும் கொலோன் என்றால் அந்த வளைந்த கைதான் அடையாளம். கை உளுத்துப்போனபோது 1819-ல் புதுக் கை செய்து மாட்டினார்கள், தூக்குவதற்கு ஒரு கல்கூட இல்லாத காலத்தில்! அது இல்லாமல் ஊர் ஊராகத் தெரியாது என்ற நிலை. கடைசியில் அதைக் கழற்றியது 1868-ல், கோபுரம் அதைத் தாண்டி வளர இடம் கேட்டபோது.

கே: 300 வருடம் கழித்து வந்தவர்களுக்குப் பழைய தச்சர் மனதில் இருந்த வடிவம் எப்படித் தெரிந்தது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழையே எழுதுகிறேன்.

வரைபடம் இருந்தது. 1280 வாக்கில் தோலில் மையால் போட்ட மேற்கு முகப்பின் படம். ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம். இரண்டு கோபுரமும் அடி முதல் நுனி வரை. பிரெஞ்சுப் படை கொலோனுக்குள் நுழைந்தது 1794-ல். அந்தக் குழப்பத்தில் பேராலயத்தின் ஆவணங்கள் சிதறியபோது இந்தப் படமும் காணாமல் போயிற்று. பேராலயமே கிடங்காகக் கிடந்த காலம் அது. 1814-ல் கட்டடக் கலைஞர் கெயோர்க் மோலர் டார்ம்ஷ்டாட் நகரில் பாதிப் படத்தைக் கண்டெடுத்தார். ஒரு விடுதியின் பரணில் கிடந்ததாகவும், அவரைக்காய் உலர்த்த அதை விரித்து வைத்திருந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். அவரைக்காய் உண்மையோ இல்லையோ, தோல் நல்ல வழுவழுப்பான பரப்பு, உலர்த்தத் தோதுதான். இரண்டு வருடம் கழித்து மறு பாதி பாரிஸில் கிடைத்தது. கண்டுபிடித்தவர் சுல்பீட்ஸ் பாய்சரே. பேராலயத்தை முடித்தே ஆகவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி, பெரிய மனிதர்களை நச்சரித்து, தன் வாழ்நாளை அதற்கே கொடுத்த கொலோன் வணிகர் வீட்டுப் பிள்ளை.

இரண்டு பாதியும் சேர்ந்து இன்று பேராலயத்துக்குள்ளேயே, பீடத்தைச் சுற்றிப் போகும் நடையில் ஒரு சிற்றாலயத்தில் தொங்குகிறது. வெளிச்சம் படாமலிருக்கத் திரை போட்டிருக்கிறார்கள். கூட்டமெல்லாம் மூன்று ஞானிகளின் பொற்பேழையைப் பார்க்கப் போகும். நான் இந்தத் திரைக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன், என் மனைவி இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். தோல் துண்டுகளை ஒட்டிய மூட்டுகள் தெரிகின்றன. மை பழுப்பேறிவிட்டது. அந்தக் கோடுகளைப் பார்க்கவேண்டுமே! சாளரத்துக்குள் சாளரம், அதற்குள் மூவிலை வளைவு என்று உள்ளே போகப் போக, ஒரு கோடுகூடத் தடுமாறவில்லை. அழிப்பதற்கு வழியில்லாத பரப்பில், முழம் முழமாக. நான் டிரேசிங் தாளில் மை சிந்திவிட்டு, பிளேடால் சுரண்டித் தப்பித்த நாட்கள் நினைவுக்கு வந்து கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

பணம் கொடுத்தவர்கள் பலர், முடிசூடியவர்கள் பலர். ஆனால் அந்தத் தோல் கிடைத்திருக்காவிட்டால் 157 மீட்டர் இரட்டைக் கோபுரம் இன்று இந்த உருவத்தில் நின்றிருக்காது.

கே: கெர்ஹார்ட் பிசாசோடு பந்தயம் கட்டித் தோற்று, சாரத்திலிருந்து குதித்துச் செத்தார் என்கிறார்களே?

அருமையான கதை. பேராலயம் முடிவதற்குள் ட்ரியர் நகரத்திலிருந்து கொலோனுக்கு நான் தண்ணீர் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று பிசாசு சவால் விட்டதாம். ஒரு நாள் கெர்ஹார்ட் மேலே நின்று குனிந்து பார்த்தால், கீழே கால்வாயில் வாத்து நீந்துகிறது. அவ்வளவுதான், குதித்துவிட்டார்.

எனக்கு இதில் பிடித்தது வாத்து. ஆனால் கால்வாயில் கொஞ்சம் நிஜம் உண்டு. ரோமானியர் காலத்தில் ஐஃபல் மலைப்பகுதியிலிருந்து கொலோனுக்குக் கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. அதன் இடிபாடுகளை வயலிலும் காட்டிலும் கண்ட இடைக்கால மனிதன், இதை மனிதன் கட்டியிருக்க முடியாது, பிசாசு வேலை என்று முடிவு கட்டியதில் ஆச்சரியமில்லை. நிஜக் கெர்ஹார்டைப் பற்றிக் கிடைக்கும் செய்தி இவ்வளவு சுவாரசியமானது அல்ல: 1257-ல் அவர் செய்த நல்ல வேலைக்காக, அவர் கல்வீடு கட்டியிருந்த மனையைப் பேராலய நிர்வாகம் அவர் பெயருக்குக் கொடுத்தது. பிசாசிடம் மாட்டியவன் போலத் தெரியவில்லை, நல்ல நிலையில் இருந்த மேஸ்திரி.

கே: அப்படியானால் பாதிக் கட்டடம் போலிதானே? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிவிட்டு இடைக்காலம் என்று காட்டுகிறார்கள்.

காரமான கடிதம் இது. எழுதியவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவர் தன் கட்சிக்குச் சொல்லாமல் விட்ட சாட்சியையும் நானே சேர்க்கிறேன். கிடைத்த படம் மேற்கு முகப்புக்கு மட்டும். இன்று எல்லோரும் நின்று படமெடுக்கும் தெற்குப் பக்க வாசல் முகப்புக்கு இடைக்காலப் படம் எதுவும் கிடையாது. அது முழுக்க முழுக்க 1833 முதல் பொறுப்பில் இருந்த ஏர்ன்ஸ்ட் ஃபிரீட்ரிக் ஸ்விர்னரின் கற்பனை. 1855-ல் முடிந்தது. அவருக்குப் பின் ரிஷார்ட் ஃபோய்க்டல் வந்து கோபுரங்களை முடித்தார்.

ஆனாலும் போலி என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். போலி என்றால் மறைக்கவேண்டும். ஸ்விர்னர் எங்கே மறைத்தார்? கூரைக்குள் ஏறிப் பாருங்கள். பேராலயத்தார் நடத்தும் கூரைச் சுற்றுலாவில் போனால் காட்டுவார்கள். கல் விதானத்தின் முதுகு கீழே மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. அதற்கு மேலே, பழைய காலத்தவர் காட்டையே வெட்டி மரச்சட்டம் போட்டிருக்கவேண்டிய இடத்தில், தறையாணிகள் (ரிவெட்) வரிசையாகத் தெரியும் இரும்புச் சட்டம். 1860 வாக்கில் போட்டது, ஈஃபல் கோபுரத்துக்கு முப்பது வருடம் முந்தி! ரயில் நிலையத்துக் கூரைக்குள் வந்துவிட்டோமோ என்று ஒரு நொடி திகைத்தேன். வெளியே பார்த்தால் 1280, உள்ளே பார்த்தால் நீராவி யுகம். ஏமாற்ற நினைப்பவன் கூரைக்கு இரும்பு போடமாட்டான். தன் காலத்தில் கிடைத்த நல்ல பொருளைத் தயங்காமல் போட்டிருக்கிறான், அதைத்தான் கெர்ஹார்டும் செய்தார்.

அரசியல் போலித்தனம் இருந்தது, அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். கொலோன் கத்தோலிக்க ஊர், 1815-ல் அது போய்ச் சேர்ந்ததோ புராட்டஸ்டன்ட் பிரஷ்யாவிடம். 1842-ல் அடிக்கல் நாட்டிய நான்காம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் மன்னர் இதை ஜெர்மானிய ஒற்றுமைச் சின்னம் என்று பேசினார். 1880 அக்டோபர் 15, நிறைவு விழா. முதலாம் வில்ஹெல்ம் பேரரசர் வந்துவிட்டார். பேராலயத்தின் பேராயர் மெல்ஷர்ஸ் மட்டும் இல்லை. அரசுக்கும் திருச்சபைக்கும் நடந்த மோதலில் நாட்டைவிட்டே போயிருந்தார். மாப்பிள்ளை இல்லாத கல்யாணம். பெரும்பகுதிப் பணம் அரசுடையது அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1842-ல் தொடங்கிய பேராலயக் கட்டடச் சங்கத்தின் உறுப்பினர் சந்தாவும், பிறகு அவர்கள் நடத்திய லாட்டரியும் கொடுத்தது.

கே: இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானிகள் பேராலயத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

14 பெரிய குண்டுகள் விழுந்த கட்டடத்தை விட்டுவைத்ததாக எப்படிச் சொல்வது? பக்கத்திலேயே ரயில் நிலையம், அதற்கு அப்பால் ரைன் ஆற்றுப் பாலம். குறி பார்த்து ஒதுக்கும் நுட்பமெல்லாம் அன்று இல்லை. நின்றதற்குக் காரணம் அமைப்பு. சுவர் என்று அதிகம் கிடையாது, தூணும் கண்ணாடியும்தான். குண்டு வெடித்த காற்று சாளரங்களைப் பிய்த்துக்கொண்டு வெளியேறிவிடும். விதானத்தின் உதைப்பை வெளியே கை நீட்டித் தாங்கும் வளைவுகள் தனித்தனியாக நிற்பதால், ஒன்று போனாலும் அடுத்தது நிற்கும். தீக்குண்டு விழுந்தபோது கூரையில் எரிய மரமும் இல்லை. "போலி" என்றவரின் கவனத்துக்கு: ஸ்விர்னரின் இரும்பு அங்கேதான் கைகொடுத்தது. நடுக்கூடத்து விதானங்கள் பல இடிந்து விழத்தான் செய்தன. 1948-ல் கிழக்குப் பகுதியைத் திறந்தார்கள், முழுக் கட்டடத்தைத் திறக்க 1956 ஆயிற்று.

1943 நவம்பரில் ஒரு குண்டு வடக்குக் கோபுரத்தின் அடித் தூணில் பெரிய பல் விழுந்ததுபோல ஓட்டை போட்டது. கோபுரமே சாயும் அபாயம். உடனே சாதாரணச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பல்லில் அடைக்கும் ஈயம் என்றே பேர் வைத்து அழைத்தார்கள். பல வருடம் அந்தச் செங்கல் திட்டு கண்ணுக்குத் தெரிந்தது. 2005-ல் கல்லால் மூடிவிட்டார்கள். என்னைக் கேட்டால் மூடியிருக்க வேண்டாம்.

கே: ஏன் இப்படிக் கறுப்பாக இருக்கிறது? கழுவமாட்டார்களா?

புகை. ரயில் நிலையம் வாசலில் இருக்க, நூறு வருடம் நீராவி இன்ஜின் ஊதிய கரி, ஆலைப் புகையின் கந்தகம் எல்லாம் கல்லில் ஏறிவிட்டது. கழுவுவதில் சிக்கல், கல் ஒரே கல் அல்ல. இடைக்காலத்தவர் ரைன் கரையில் இருக்கும் டிராஹன்ஃபெல்ஸ் மலையை வெட்டிப் படகில் இறக்கினார்கள். குடைந்து குடைந்து மலையே சரிய ஆரம்பித்ததால் பிரஷ்ய அரசு 1836-ல் உச்சியை விலைக்கு வாங்கி வெட்டுவதை நிறுத்தியது. பிறகு வந்தவர்கள் பல ஊர் மணற்கல்லைக் கொண்டுவந்தார்கள். அதில் ஷ்லைட்டோர்ஃப் கல் மோசம், பழைய கல்லைவிடச் சீக்கிரம் பொரிந்தது. ஒரு கல்லுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம். அதனால் பேராலயப் பட்டறையில் கல்தச்சரும் கொல்லரும் கண்ணாடிக்காரரும் வருடம் முழுக்க வேலையாக இருக்கிறார்கள். சாரம் இல்லாத பேராலயத்தை நான் பார்க்கவில்லை. போருக்குப் பின் மாற்றிய உயரத்துச் சிற்பங்களில் ஒரு குறும்புக்காரச் சிற்பி கால்பந்து ஆட்டக்காரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார். கீழேயிருந்து யாருக்கும் தெரியாது.

கே: உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்ததா?

இருந்தது, நான்கே வருடம். 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூண் தாண்டிவிட்டது.

கே: கணினி போட்ட சாளரம் ஒன்று இருக்கிறதாமே?

ஆம், சிலுவை வடிவக் கட்டடத்தின் தெற்குக் கையில். அங்கே இருந்த பழைய கண்ணாடி போரில் உடைந்து, வெளிறிய கண்ணாடி போட்டிருந்தார்கள். வெயில் நேரத்தில் கண் கூசுகிறது என்று புகார். 2007-ல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 72 நிறத்தில் 11,263 சதுரக் கண்ணாடிகளைக் கொடுத்தார். எந்த நிறம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியின் குலுக்கலுக்கு விட்டார். புனிதர் இல்லை, உருவம் இல்லை. அன்றைய கர்தினால் மைஸ்னருக்குப் பிடிக்கவில்லை, இது மசூதிக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட்டார். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனேன். மதியம் இரண்டு மணிக்கு வெயில் அதன் வழியே இறங்கி எதிர்த் தூணில் ஒட்டியது. சாம்பல் நிறத் தூண், அதன் மேல் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை அந்த நிறத்தைக் கையில் பிடிக்கப் பார்த்தது. என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கே: எனக்கு வயது 61, முழங்கால் சரியில்லை. தெற்குக் கோபுரத்தில் ஏறலாமா?

மொத்தம் 533 படி, லிஃப்ட் கிடையாது. குறுகிய சுழல் படி. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதிலேயே உரசிக்கொண்டு போகவேண்டும். நான் ஏறியபோது முழங்கால் எனக்கும் சரியில்லை, மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் மணிக்கூடம் வரும். 1923-ல் வார்த்த 24 டன் பீட்டர் மணி அங்கேதான், நல்ல சாக்கு, மணியைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அங்கேயே திரும்பினாலும் பழுதில்லை. தொடர்ந்து போனால் ஏறத்தாழ 97 மீட்டரில் பார்வை மேடை. எல்லோரும் ரைனைப் பார்ப்பார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே இன்னும் அறுபது மீட்டர் கூம்பு, உள்ளே வெறும் கூடு, கல் சல்லடை வழியே வானம். திரைக்குப் பின்னால் தோலில் பார்த்தீர்களே, அந்த மூவிலைகள்தான், ஆளுயரத்தில்.